குனிந்து வணங்கினால் சுயமரியாதை போய்விடுமா?

வந்திருக்கும் கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

எழுதியவர் முப்பதைத் தாண்டிய பொறியாளர். சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். ஒரகடத்தில் கொரிய நிறுவனம் ஒன்றின் வாகன உதிரிபாக ஆலையில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் தென்கொரியாவில், உல்சான் அருகே இருக்கும் தாய் நிறுவனத்துக்கு மாற்றலாகிப் போயிருக்கிறார். மனைவியும் நான்கு வயது மகளும் கூடவே இருக்கிறார்கள். தாத்தா காலத்திலிருந்தே சுயமரியாதைக் குடும்பம். "எங்கள் வீட்டில் யாரும் யார் காலிலும் விழுந்ததில்லை. என் கல்யாணத்திலும் மாலை மாற்றினோம், கையெழுத்துப் போட்டோம், அவ்வளவுதான்" என்று எழுதுகிறார்.

இப்போது தினமும் காலையில் அலுவலகத்தில் ஆளாளுக்குக் குனிய வேண்டியிருக்கிறது. துறைத் தலைவர், அங்கே பூஜாங், பதிலுக்குக் குனிவதே இல்லை என்பது இவருடைய ஆதங்கம். ஒரு நாள் இவரே கையில் காபிக் கோப்பையோடு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார். குவாஜாங் என்கிற இடைநிலை மேலாளர் இவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "சரியாகச் செய்" என்று மூன்று முறை குனியவைத்திருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். பிறகு, கூட வேலை செய்யும் ஒருவரின் தந்தை இறந்துபோனார். துக்கத்துக்குப் போன இடத்தில் எல்லோரும் தரையில் மண்டியிட்டு வணங்க, இவர் மட்டும் சுவரோரம் நின்றுவிட்டார். அந்த நண்பர் இப்போது தன்னிடம் முன்போலப் பேசுவதில்லையோ என்று ஒரு சந்தேகம்.

வீட்டுக்குள்ளும் இது வந்துவிட்டது. மகளுக்குக் காப்பகத்தில் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்து இடுப்பை வளைத்து வணங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் தாத்தாவுக்கு அதைப் பெருமையாகச் செய்து காட்டியிருக்கிறாள். தாத்தா, "பிள்ளைக்கு அடிமைப் பழக்கமா சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. இவர் மகளை அதட்ட, அவள் காப்பகத்தில் குனியாமல் நிற்கத் தொடங்க, ஆசிரியை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். மனைவிக்கோ இதில் எந்தச் சிக்கலும் இல்லை. அவர் அடுக்ககத்தில் எல்லோருக்கும் தலைவணங்கி நாலு பேரைத் தோழிகளாக்கிக்கொண்டார். "நீ மாறிட்ட" என்று அதற்கும் வீட்டில் ஒரு சண்டை.

போதாததற்கு, கொரியச் சந்திரப் புத்தாண்டான சோல்லாலுக்குப் பூஜாங் இவர்களைக் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்திருக்கிறார். "அங்கே பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணங்கச் சொல்வார்கள். நான் என்ன செய்வது? மறுத்தால் வேலைக்கு ஆபத்தா? அந்த நாட்டில் இருக்க வேண்டுமென்றால் கொரியனாகவே ஆகிவிட வேண்டுமா?" என்று முடிக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன், நண்பரே.

காலை வணக்கம் ஒன்று. அந்தக் குவாஜாங் செய்தது வேறு. அப்பாவின் கோபம் இன்னொன்று. எல்லாவற்றையும் சேர்த்துக் "குனிவது" என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால்தான் இவ்வளவு பாரமாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால், இதில் பெரும்பகுதி உங்கள் கொள்கையைத் தொடவே இல்லை. ஒரு பகுதி தொடுகிறது. அந்தப் பகுதியில் நான் உங்கள் பக்கம்தான்.

காலையில் நடப்பது

கொரிய வணக்கத்தில் படிநிலை இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். இருக்கிறது. கன்பூசிய மரபில் ஊறிய நாடு. வயதும் பதவியும் தெரியாமல் வினைச்சொல்லின் விகுதியைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. பழகிய கொஞ்ச நேரத்திலேயே "எந்த வருடம் பிறந்தீர்கள்?" என்று கேட்பது அதனால்தான், வம்புக்கு அல்ல. இளையவர் முதலில் வணங்குவார், கொஞ்சம் ஆழமாக. மூத்தவர் மோவாயைத் தாழ்த்தி ஏற்றுக்கொள்வார், அல்லது "ஆமாம், வாங்க" என்பதுபோல ஒரு சொல் சொல்வார். உங்கள் பூஜாங் பதிலே தருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்குக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தச் சிறு தலையசைவுதான் அவருடைய பதிலாக இருக்கும். உங்கள் அளவுக்குக் குனியவில்லை என்பதால் கணக்கில் வரவில்லை போலும்.

ஆனால் இந்தப் படிநிலை எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். பிறப்பின்மேல் அல்ல. கொரியாவிலும் பிறப்பு வழி மேல் கீழ் இருந்தது. யாங்பான் என்ற மேட்டுக்குடியும், நோபி என்ற அடிமைகளும் இருந்தார்கள். 1894இல் நடந்த காபோ சீர்திருத்தத்தில் அது சட்டப்படி ஒழிந்தது. இன்று உங்களைக் குனியச் சொல்கிற குவாஜாங், அடுத்த நிமிடமே பூஜாங் முன்னால் குனிகிறார். பூஜாங் இயக்குநர் முன்னால் குனிகிறார். அந்த இயக்குநரும் ஊருக்குப் போனால் அவருடைய பழைய ஆசிரியர் முன்னால் குனிவார். யாரும் நிரந்தரமாகக் கீழே இல்லை. 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கம் எதிர்த்த காலில் விழுதல் இது அல்ல. பிறந்த ஒரே காரணத்தால் ஒருவன் சாகும்வரை கீழே, இன்னொருவன் சாகும்வரை மேலே என்பதைத்தான் அது எதிர்த்தது. கொரியப் பதவிப் படிநிலையிலும் குறைகள் உண்டு. கொரியர்களே அதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். சிஜே குழுமம் 2000ஆம் ஆண்டிலேயே பதவிப் பெயரால் அழைப்பதை விட்டு, எல்லோரையும் பெயரோடு 'நிம்' என்ற மரியாதைச் சொல் சேர்த்து அழைக்கும் வழக்கத்துக்கு மாறியது. பிறகு வேறு பெரிய நிறுவனங்களும் அந்த வழியில் போயின.

உங்கள் கொள்கைக்கு இந்த வழக்கத்துக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. வயதில் மூத்தவருக்குக் குனிவதை அங்கே யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அவர் என்ன வேலை செய்தாலும் சரி. ஆகவே தரை துடைக்கும் அம்மாவுக்கும் வாயிற்காவலருக்கும் பூஜாங்குக்குக் குனிகிற அதே அளவு குனியுங்கள். உணவுக்கூடத்தில் தட்டை வைக்கும்போது பரிமாறியவர்களைப் பார்த்து, "நன்றாகச் சாப்பிட்டேன்" என்று தலைவணங்கிச் சொல்வது அங்கே இயல்பான பழக்கம். அதை ஒரு நாளும் விடாதீர்கள். நீங்கள் பதவிக்குக் குனிகிறீர்களா, மனிதருக்குக் குனிகிறீர்களா என்பது அதில் தெரிந்துவிடும். முக்கியமாக, உங்களுக்கே தெரிந்துவிடும்.

செய்முறையிலும் உங்களுக்குச் சில குழப்பம் இருப்பதாகத் தோன்றுகிறது. நாள் முழுக்கப் பார்க்கிற நேரமெல்லாம் ஆழமாகக் குனிய வேண்டியதில்லை. அன்றைக்கு முதல் முறை பார்க்கும்போது நின்று, "அன்யோங்ஹாசேயோ" என்று சொல்லிவிட்டு, பிறகு சுமார் 30 பாகை குனிந்தால் போதும். சொல்லும்போதே குனிந்தால் குரல் தரையைப் பார்த்துப் போய்விடும். அதற்குப் பிறகு நடைவழியிலோ மின்தூக்கியிலோ மறுபடி பார்த்தால் 15 பாகை, ஒரு தலைதாழ்த்தல். கழிப்பறையில் அதுவும் வேண்டாம், லேசாகத் தலையசைத்தால் சரி. 45 பாகை என்பது மன்னிப்புக் கேட்கும்போதும், பெரிய நன்றி சொல்லும்போதும், மிக முக்கியமான விருந்தினருக்கும். ஆண்கள் இடது கையை வலது கையின் மேல் வைத்துக்கொள்வது மரபு, பெண்களுக்கு வலது மேலே. துக்க வீட்டில் இரண்டும் மாறிவிடும். சட்டைப் பையில் கை, கையில் காபி, நடந்துகொண்டே தலையாட்டல் ஆகியவைதான் அலட்சியமாகத் தெரியும். அதாவது, அன்றைக்கு நீங்கள் செய்தது அங்கே உண்மையிலேயே மரியாதைக் குறைவாகத்தான் பட்டிருக்கும். அதற்காக அந்தக் குவாஜாங் செய்தது சரியென்று ஆகாது, அதற்கு வருகிறேன்.

"அதற்குப் பதில் நம் வணக்கத்தைச் செய்யலாமா?" என்றும் ஓர் இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம், ஆனால் அது நீங்கள் நினைக்கிற பொருளில் போய்ச் சேராது. இரண்டு கையையும் குவித்து வணங்குவது கொரியாவில் பௌத்தர்களின் வணக்கம், ஹப்ஜாங் என்பார்கள். புத்த கோயில்களில் அதுதான் வழக்கம். அலுவலகத்தில் தினமும் செய்தால் உங்களைத் தீவிர பௌத்தர் என்று முடிவுகட்டிவிடுவார்கள். கடவுள் மறுப்பாளர் ஒருவருக்கு இது கொஞ்சம் வேடிக்கையான முடிவு! உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, "எங்கள் ஊரில் இப்படி" என்று சொல்லிக் காட்டுங்கள், ரசிப்பார்கள். அன்றாட மாற்றாக வேண்டாம். கைகுலுக்கலும் தப்பிக்க வழியல்ல. மூத்தவர் கை நீட்டும்வரை காத்திருக்க வேண்டும். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு லேசாகக் குனிந்துதான் குலுக்க வேண்டும்.

மூன்று முறை குனியவைத்தது

ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்கே இப்படிச் செய்வதில்லை, இதோ இப்படி" என்று சொன்னால் அது கற்றுக்கொடுத்தல். எல்லோர் முன்னாலும் நிறுத்தி, சிரிப்புக்கு நடுவே மூன்று முறை செய்யவைத்தால் அது அவமதிப்பு. கொரியப் பண்பாட்டின் அளவுகோலிலும் அப்படித்தான். ஒருவரின் முகத்தை, அதாவது நாலு பேர் முன்னால் அவருடைய மானத்தை, காப்பாற்றுவது அங்கே பெரிய விஷயம். ஆகவே, "அவங்க பண்பாடு அப்படி" என்று நீங்கள் இதை விழுங்க வேண்டியதில்லை. உங்கள் மனைவி, "அவர் விளையாட்டுக்குத்தானே செய்தார்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். விளையாட்டில் நீங்கள் சிரிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

உங்களுக்கு உரிமை எதுவும் இல்லை, வெளிநாட்டவர் வாயைத் திறந்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற எண்ணம் தவறு. கொரியாவின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில் பணியிடத் துன்புறுத்தலைத் தடை செய்யும் பிரிவுகள் 2019 ஜூலை 16 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதவியையோ உறவுநிலையையோ பயன்படுத்தி, வேலைக்குத் தேவையான எல்லையைத் தாண்டி ஒருவருக்கு உடல் அல்லது மன வேதனை தருவது அதில் அடங்கும். புகார் வந்தால் நிறுவனம் தாமதிக்காமல் விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது மூன்று கோடி வோன் வரை அபராதம். ஐந்து பேருக்கும் குறைவான இடங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் ஆலைக்கு அந்தக் கவலை இல்லை. அதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, தேசிய இனம், மத நம்பிக்கை, சமூக நிலை ஆகியவற்றின் பேரால் வேலை நிலைமைகளில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

சரி, உடனே புகார் எழுதிவிடலாமா? என் கருத்து, இப்போது வேண்டாம். ஒரே ஒரு நிகழ்ச்சி. அதுவும் நீங்கள் காபியோடு தலையாட்டியதில் தொடங்கியது. விசாரணை என்று வந்தால் முடிவு எப்படி வேண்டுமானாலும் போகலாம். உங்கள் விசாவும் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டப் பாதுகாப்பு இருப்பது ஒன்று, அடுத்த ஒப்பந்த நீட்டிப்பின்போது கூட இருப்பவர்கள் எப்படி நடப்பார்கள் என்பது இன்னொன்று. முதலில் அந்தக் குவாஜாங்கைத் தனியாக ஒரு காபிக்கு அழையுங்கள். கூட்டத்தில் எதிர்த்தால் அவருக்கும் முகம் போகும், பிறகு பேச்சுக்கே இடம் இருக்காது. "எனக்குக் கற்றுக்கொள்ள விருப்பம். தவறு செய்தால் தனியாகச் சொல்லுங்கள். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் நடந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது" என்று சொன்னால் போதும். விளக்கம், சுயமரியாதை இயக்க வரலாறு எல்லாம் அந்த மேசைக்கு வேண்டாம்.

பேசிய பிறகும் நடந்தால் கணக்கு மாறிவிடும். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். இப்போது நடந்ததையும் சேர்த்து. பிறகு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு. வேலைவாய்ப்பு, தொழிலாளர் அமைச்சகத்தின் ஆலோசனை எண் 1350. வெளிநாட்டவருக்கான பன்மொழி உதவி எண் 1345. மத, இனப் பாகுபாடு என்றால் தேசிய மனித உரிமை ஆணையம், 1331. நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் அல்ல. உங்கள் ஒப்பந்தம் சென்னை நிறுவனத்தோடா கொரிய நிறுவனத்தோடா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறக்கூடும். புகார் வரை போவதாக இருந்தால், அதற்கு முன் நோமுசா என்று அங்கே அழைக்கப்படும், உரிமம் பெற்ற தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

துக்க வீடு

இங்கேதான் நீங்கள் தேவையில்லாமல் அதிகம் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மருத்துவமனையோடு சேர்ந்த இறுதிச் சடங்குக் கூடத்தில் வழக்கம் இப்படி: பதிவேட்டில் பெயர் எழுதி, வெள்ளை உறையில் துக்கப் பணம் வைத்து, காலணியைக் கழற்றி உள்ளே போய், ஊதுவத்தி ஏற்றுவார்கள் அல்லது வெள்ளைச் செவ்வந்தி ஒன்றை வைப்பார்கள். படத்துக்கு முன் இரண்டு முறை மண்டியிட்டு வணங்கி, எழுந்து நின்று ஒரு பாதி வணக்கம். பிறகு துக்கம் காக்கும் குடும்பத்தாரும் வந்தவரும் ஒருவருக்கொருவர் ஒரு முறை மண்டியிட்டு வணங்கிக்கொள்வார்கள். உயிரோடு இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்கு இரண்டு என்பது கணக்கு.

மண்டியிடாமல் இருக்கும் வழி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. 2015 மக்கள்தொகைக் கணக்கின்படி கொரியாவில் 19.7 சதவீதம் பேர் சீர்திருத்தத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள். அவர்களில் ஏராளமானவர்கள் இறந்தவர் படத்துக்கு முன் மண்டியிடுவதில்லை. பூவை வைத்துவிட்டு, நின்றபடி தலைகுனிந்து சிறிது நேரம் மௌனமாக இருப்பார்கள். பிறகு குடும்பத்தாருக்கு நின்றபடியே வணக்கம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த இடத்தைக் கொரியக் கிறிஸ்தவர்கள் சும்மா பெற்றுவிடவில்லை. 1791இல் யுன் ஜி-சுங் என்ற கத்தோலிக்கரும் அவருடைய உறவினர் குவோன் சாங்-யோனும் முன்னோரின் பெயர் எழுதி வணங்கும் பலகைகளை எரித்து, மூதாதையர் சடங்கைச் செய்ய மறுத்ததற்காக ஜோன்ஜுவில் தலை வெட்டப்பட்டார்கள். 1939இல்தான் வத்திக்கான் கிழக்காசிய முன்னோர் வணக்கத்தைச் சமூக மரியாதை என்று ஏற்கும் பக்கம் திரும்பியது. அதே யுன் ஜி-சுங்கையும் 123 பேரையும் போப் பிரான்சிஸ் 2014 ஆகஸ்டில் தலைநகர் சியோலின் குவாங்ஹ்வாமுனில் அருளாளர்களாக அறிவித்தார். ஒரு பழக்கம் சமூக வழக்கமா, மதச் சடங்கா என்று நம் மதுரையிலும் தத்துவ போதகர் என்ற இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி காலத்தில் இதே போன்ற வழக்கு நடந்ததுதானே. கொரியர்களுக்கு, "என்னால் மண்டியிட முடியாது, வேறு விதமாக மரியாதை செய்கிறேன்" என்பது புதிய செய்தி அல்ல.

நீங்கள் மண்டியிடாததில் தப்பில்லை. சுவரோரம் போய் நின்றதுதான் சங்கடம். துக்கத்தில் இருப்பவரின் முன்னால் போய் நிற்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. நம் ஊரிலும் துக்கத்துக்குப் போய்க் கையைப் பிடிக்காமல், பேசாமல், ஓரமாக நின்றுவிட்டு வந்தால் வீட்டுக்காரர் மனதில் ஒரு முள் இருக்கும். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. அந்த நண்பரோடு மதியம் சாப்பிடப் போங்கள். "அன்றைக்கு உங்கள் முறை எனக்குத் தெரியவில்லை, அதனால் பக்கத்தில் வரத் தயங்கினேன். உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் பேசாமல் இருப்பதற்குக் காரணம் துக்கமாகவும் இருக்கலாம். எல்லாமே நம்மைப் பற்றியதாக இருப்பதில்லை.

பூஜாங் வீட்டுப் புத்தாண்டு

வெளிநாட்டவரைச் சோல்லாலுக்கு வீட்டுக்கு அழைப்பது சாதாரணம் அல்ல. "எப்போதாவது ஒரு நாள் சாப்பிடலாம்" என்று கொரியர்கள் விடைபெறும்போது சொல்வதை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது வெறும் வாய் வார்த்தை. இது அப்படியல்ல, நாள் குறித்த அழைப்பு. குடும்ப நாளில் உங்களுக்கு இடம் கொடுக்கிறார். போங்கள்.

அன்று காலை முன்னோர்களுக்குப் படையல் இருக்கலாம். அது அந்தக் குடும்பத்தின் சடங்கு. விருந்தினர் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அது முடிந்த பிறகுதான் உங்களை வரச் சொல்வார்கள். அதன்பின் இளையவர்கள் மூத்தவர்களுக்குச் செய்கிற செபே என்ற வணக்கம். நீங்கள் இதைக் காலில் விழுவது என்று எழுதியிருக்கிறீர்கள். காலைத் தொடுவதில்லை, காலடியில் படுப்பதும் இல்லை. சற்றுத் தள்ளி மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்துவார்கள். "புத்தாண்டில் நிறைய நல்லது நடக்கட்டும்" என்று சொல்வார்கள். மூத்தவர் வாழ்த்திவிட்டுப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுப்பார். கொரியத் திருமணத்தில் மணமகனும் மணமகளும் ஒருவருக்கொருவர் சமமாகக் குனிந்து வணங்குகிற கட்டமும் உண்டு. மாலை மாற்றிக் கல்யாணம் செய்த உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இத்தனைக்குப் பிறகும் தரையில் மண்டியிட உங்கள் உடம்பு ஒப்பவில்லை என்றால், ஒப்பவில்லை, அவ்வளவுதான். அதற்கு நீங்கள் யாருக்கும் வாதம் செய்ய வேண்டாம். ஆனால் அந்த அறையில், எல்லோரும் பார்க்க, கடைசி நொடியில் மறுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே பூஜாங்கிடம், "எங்கள் வீட்டு வழக்கத்தில் மண்டியிடுவதில்லை. நின்று ஆழமாக வணங்கி வாழ்த்துச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். முன்கூட்டிக் கேட்பதையே அவர் மரியாதையாக எடுத்துக்கொள்வார். உங்கள் மனைவி செய்ய விரும்பினால் செய்யட்டும். அவருடைய முதுகெலும்பு அவருடையது; அதற்கு நீங்கள் காவல் வேண்டாம். சுயமரியாதைக் குடும்பம் என்று சொல்லிவிட்டு மனைவி எப்படி வணங்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்வது எனக்குக் கொஞ்சம் நெருடுகிறது.

மகளும் அப்பாவும்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். நான்கு வயதுக் குழந்தை, வகுப்பில் இருபது பிள்ளைகள் குனியும்போது தனியாக நிமிர்ந்து நிற்கிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா அதட்டினார், தாத்தா போனை வைத்தார், அவ்வளவுதான் தெரியும். பேக்கோப் இன்சா என்று சொல்லப்படும் அந்தத் தொப்புள் வணக்கம், அங்கே எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்கிற விஷயங்களில் ஒன்று. நம் பிள்ளைகளுக்கு "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று சொல்லித் தருவதுபோல. தான் கற்ற நல்ல பழக்கத்தைத் தாத்தாவுக்குக் காட்டினாள், திட்டு கிடைத்தது. இன்றைக்கே அவளை உட்காரவைத்து, "அப்பா அன்னைக்குக் கோபப்பட்டது தப்பு. மிஸ்ஸுக்கு நீ அழகா வணக்கம் சொல்லு" என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியையிடமும் ஒரு வார்த்தை.

இடத்துக்கு இடம் வணக்கத்தை மாற்றிக்கொள்வது குழந்தைகளுக்குச் சிரமமே இல்லை. இரண்டு மொழி பேசுகிற பிள்ளைகள் ஆளைப் பார்த்து மொழியை மாற்றுவதைத் தினமும் பார்க்கிறோம். தாத்தாவிடம் கைகுவித்து, "வணக்கம் தாத்தா" என்று சொல்லப் பழக்குங்கள். குடியேறியவர்களின் மனநலத்தை ஆராய்ந்த ஜான் பெர்ரி என்ற உளவியலாளர், சொந்தப் பண்பாட்டை விடாமல் புதியதிலும் கலந்துகொள்கிறவர்கள், ஒன்றைக் கைவிடுகிறவர்களைவிடப் பொதுவாக நன்றாக வாழ்கிறார்கள் என்று காட்டியவர். உங்கள் மனைவி அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்பது என் எண்ணம். அவர் மாறவில்லை, அவருக்குத் தெரிந்தவர்கள் கூடியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஆனால் ஒன்றை நினைவுபடுத்தலாம். பெரியார் தம்மைப் பார்க்க வந்தவர்கள் சிறுவர்களானாலும் "வாங்க, போங்க" என்றுதான் பேசினார், தள்ளாத வயதிலும் எழுந்து நின்று வரவேற்றார் என்று அவரோடு பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். காலில் விழாதே என்றவர் மரியாதை செய்யாதே என்று சொல்லவில்லை. உங்கள் அப்பாவுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். ஒரகடத்தில் கொரிய மேலாளர்கள் பொங்கலுக்கு வேட்டி கட்டிக் கைகுவித்து நின்றபோது நாம் யாரும் அவர்களை அடிமை என்று சொல்லவில்லை, கைதட்டினோம் என்பதையும் சொல்லிப் பாருங்கள். இதற்கும் அவர் இறங்கவில்லை என்றால், கோபம் வணக்கத்தின்மேல் இல்லையோ என்று எனக்குத் தோன்றும். பேத்தி தன் கண்ணில் படாத தூரத்தில், தனக்குப் புரியாத ஒரு பழக்கத்தில் வளர்கிறாள். அதை அவர் நேரடியாகச் சொல்ல மாட்டார். வாரம் ஒரு நாள் நேரம் குறித்து, நீங்கள் யாரும் குறுக்கே வராமல், அவளும் அவரும் மட்டும் பேச விடுங்கள். எப்படி வணக்கம் சொல்வது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

புத்தாண்டுக்கு வெறுங்கையோடு போக வேண்டாம். நல்ல பழப்பெட்டி ஒன்று போதும், விலை உயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. இரண்டு கையாலும் கொடுங்கள். மகளுக்குக் கிடைக்கும் பணத்தையும் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள், அவர்கள் முன்னால் உறையைப் பிரிக்க வேண்டாம். மது ஊற்றினால், குடிக்காதவர் என்றால் முதல் கோப்பைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குவாஜாங்கோடு பேசியது எப்படிப் போனது என்று ஒரு வரி எழுதுங்கள். மறுபடி அப்படி நடந்திருந்தால் தேதிகளோடு எழுதுங்கள்.